ஜப்பான்காரனுக்குக் குனிந்தவர்கள் எல்லாம் கோழைகளா?

பிப்ரவரி 15, மாலை 7.05 (ஒரு வாசகரின் கேள்வி)

இன்று 6.20க்குச் சங்கு ஊதியது, 1942இல் சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்த நாளை நினைவூட்டும் சங்கு. வீட்டில் பேச்சு அப்படியே அந்தக் காலத்துக்குப் போய்விட்டது. என் கொள்ளுத் தாத்தா துறைமுகத்தில் ஜப்பான்காரர்களுக்கு வேலை பார்த்தாராம். தினமும் குனிந்து கும்பிட்டுத்தான் உள்ளே போவாராம். பள்ளிக்கூடத்தில் லிம் போ செங், அட்னான் சாயிடி என்று ஜப்பான்காரனை எதிர்த்த வீரர்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? ஒன்று குனிந்தார்கள், இல்லாவிட்டால் ஜப்பான்காரனோடு சேர்ந்த படையில் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றரை வருஷம் யாருமே எதிர்க்கவில்லையா? எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 15, இரவு 10.40

தம்பி, வெட்கத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

குனிந்தது உண்மை. எல்லாருமே குனிந்தார்கள். தெருமுனையில் துப்பாக்கியோடு சிப்பாய் நிற்பான். அவனைக் கடக்கும்போது குனிய வேண்டும். குனிந்தது போதாது என்று அவனுக்குத் தோன்றினால் கன்னத்தில் அறை விழும், சில சமயம் அதோடு நிற்காது. கொள்ளையடித்தார்கள் என்று பிடித்தவர்களின் தலையை வெட்டிப் பொது இடத்தில் பார்வைக்கு வைத்தார்கள். ஊர்ப் பெயரை சியோனான் என்று மாற்றினார்கள். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளித் தோக்கியோ நேரத்துக்கு வைத்தார்கள், அதனால் நல்ல இருட்டிலேயே காலை ஆறு மணி ஆகிவிடும். வருஷத்தைக்கூட 1942 என்று எழுதாமல் 2602 என்று எழுதச் சொன்னார்கள்.

இந்த நிலைமையில் நிமிர்ந்து நின்று செத்தவர்கள் மட்டும்தான் மனிதர்கள் என்று வைத்துக்கொண்டால் இந்த ஊரில் பேசுவதற்கே ஆள் இருக்காது. குனிந்து பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம்.

யாரும் எதிர்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள முடியாது. நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 15, இரவு 11.20

தூக்கம் வரவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். பிப்ரவரி 15 என்றால் எல்லாருக்கும் 1942 மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. 1915இல் இதே தேதியில்தான் அலெக்சாண்ட்ரா பக்கம் இருந்த இந்தியச் சிப்பாய்கள் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கினார்கள். துருக்கிக்கு எதிராகச் சண்டை போட அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சும் அதற்கு ஒரு காரணம். அடக்கியபின் 47 பேரை ஊட்ரம் சிறைக்கு வெளியே, ஆயிரக்கணக்கான மக்கள் பார்க்கச் சுட்டார்கள். பயமுறுத்துவதற்காக ஊரைக் கூட்டி வைத்துக் கொல்லும் வேலை ஜப்பான்காரனோடு வந்து சேரவில்லை. அதற்கு 27 வருஷம் முன்பே இந்தத் தீவு அதைப் பார்த்துவிட்டது.

பிப்ரவரி 16, காலை

எதிர்ப்பைப் பற்றி.

எலிசபெத் சோய் என்று ஓர் அம்மா. கணவனும் மனைவியுமாக ஆஸ்பத்திரியில் சிற்றுண்டிக்கடை நடத்தினார்கள். சாங்கி சிறையில் அடைபட்டிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குப் பணம், மருந்து, கடிதம், வானொலிக்கான பாகம் என்று ரகசியமாகக் கடத்திக் கொடுத்தார்கள். கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் ஸ்டாம்ஃபர்டு சாலையில் இருந்த பழைய ஒய்எம்சிஏ கட்டடத்தில் வைத்தது. ஏறக்குறைய 200 நாள் அடி, மின்சாரம், பட்டினி. அந்த அம்மாவும் வெளியில் நடமாடிய நாள்களில் சிப்பாய்களுக்குக் குனிந்துதான் போயிருப்பார். குனியாதவருக்குச் சிறைப் பக்கம் போகவே வழி கிடையாது. குனிந்தபடியேதான் கடத்தினார்.

நான் ஓய்வு பெற்ற தாதி. வார்டில் இருந்த காலத்தில் அந்தத் தலைமுறை ஆட்கள் எத்தனையோ பேருக்குப் பணிவிடை செய்திருக்கிறேன். அவர்கள் சொன்னது எதுவும் பாடப்புத்தகத்தில் வரும் எதிர்ப்பு மாதிரி இருக்காது. வேலையை மெதுவாகச் செய்வது, புரியாத மாதிரி நிற்பது, கிடங்கில் இருந்து ஒரு பிடி அரிசியைக் கால்சட்டை மடிப்புக்குள் போட்டுக்கொண்டு வருவது, பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தின் பையனைத் தன் வீட்டுப் பரணில் படுக்க வைப்பது. ஒரு சீன ஆயா என்னிடம் மலாயில் சொன்னார்: அவருடைய அண்ணனை ஒளித்து வைத்தது எதிர்வீட்டு மாட்டுக்காரத் தமிழர் குடும்பம். அந்தக் குடும்பத்தின் பெயரைக் கேட்டேன். நினைவில்லை என்றார்.

பிப்ரவரி 16, பிற்பகல்

ஒருவர், "சூக் சிங் சீனர்களுக்கு நடந்தது, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருக்கிறார்.

18 வயது முதல் 50 வயது வரை உள்ள சீன ஆண்களை ஜாலான் புசார் மாதிரி இடங்களில் வரிசையில் நிற்க வைத்தார்கள். முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள் தலையை அசைத்தால் லாரியில் ஏற்றுவார்கள். லாரி சாங்கி கடற்கரைக்கோ பொங்கோலுக்கோ போகும், அங்கே சுட்டுக் கொல்வார்கள். அதுதான் சூக் சிங். ஜப்பானியத் தரப்பே ஒப்புக்கொண்ட கணக்கு 5,000க்குக் குறையவில்லை. சீனச் சமூகம் சொல்வது அதைப்போலப் பல மடங்கு. தப்பியவர்களுக்குக் கையிலோ சட்டையிலோ 'சோதிக்கப்பட்டவர்' என்று முத்திரை குத்தினார்கள். மை அழிந்துவிடுமோ என்று கையைக் கழுவாமல் பாதுகாத்தவர்கள் உண்டு.

நமக்கு என்ன சம்பந்தம் என்றா கேட்கிறீர்கள்? அந்த வரிசையில் நம்மை நிற்க வைக்கவில்லை. இந்தியர்களுக்கு அவர்கள் வேறு கணக்குப் போட்டிருந்தார்கள். நமக்கு வந்த வரிசை வேறு. இங்கே வரவில்லை, மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் வந்தது.

அதை எழுத எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

பிப்ரவரி 17

இடையில் பசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பசியை விட்டுவிட்டு அந்தக் காலத்துத் தைரியத்தையும் கோழைத்தனத்தையும் பேசவே முடியாது.

அரிசி பங்கீட்டு அட்டைக்குத்தான். அதுவும் வருஷா வருஷம் குறைந்துகொண்டே போனது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரி அதன் மாவில் ரொட்டி என்று ஒரு பேர். கல்லறை ஓரம், சாலையோரம், பந்து விளையாடும் திடல் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் நட்டார்கள். பணம் என்று வாழைமரப் படம் போட்ட நோட்டு அச்சடித்தார்கள். போகப் போக அதில் வரிசை எண்கூட இல்லை. கடைசியில் கூடை நிறைய நோட்டு கொண்டுபோனால் கை நிறையச் சாமான் கிடைத்தால் பெரிய விஷயம்.

இன்னொன்று. நகரத்தில் வாய்கள் அதிகம் என்று 1943இல் ஆட்களை வெளியே குடியேற்றினார்கள். சீனர்களுக்கு ஜொகூரில் எண்டாவ். யூரேசியர்களுக்கும் கத்தோலிக்கச் சீனர்களுக்கும் நெகிரி செம்பிலானில் பஹாவ். காட்டைத் திருத்திப் பயிர் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். பஹாவில் மலேரியா வாரிக்கொண்டு போனது. கூடவே போன பிஷப் டெவால்ஸும் 1945 ஜனவரியில் இறந்தார்.

என் வார்டில் தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் ரொட்டித் துண்டைத் தலையணை உறைக்குள் வைப்பார். புதிதாக வந்த பிள்ளைகள் எறும்பு வருகிறது என்று எடுத்துப் போடுவார்கள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், மறுபடி வைப்பார். நான் ஒரு மூடி வைத்த டப்பா வாங்கிக் கொடுத்தேன். "நீதான் விவரம் தெரிந்தவள்" என்று சிரித்தார்.

பிப்ரவரி 18

ஜப்பான்காரனிடம் சம்பளம் வாங்கினால் துரோகம் என்ற பேச்சுக்கு வருவோம்.

லீ குவான் இயூ கேத்தே கட்டடத்தில் ஜப்பானியப் பிரசாரத் துறையில் வேலை பார்த்தார். நேச நாடுகளின் தந்திச் செய்திகள் அரைகுறையாக வந்து விழும், அவற்றைச் சரிபார்த்து எழுதும் வேலை. மரவள்ளி மாவில் பசை தயாரித்தும் விற்றார். எஸ்.ஆர். நாதன் மூவாரில் ஜப்பானிய மொழி படித்து மொழிபெயர்ப்பாளராக இருந்தார். இருவருமே இதை மறைத்ததில்லை, தாங்களே எழுதியும் இருக்கிறார்கள். ஒருவர் பிரதமரானார், மற்றவர் அதிபரானார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உங்கள் கொள்ளுத் தாத்தா மட்டும் ஏன் கூண்டில் நிற்க வேண்டும்?

லிம் பூன் கெங்கையும் சொல்ல வேண்டும். எழுபது வயது தாண்டிய பெரியவர், டாக்டர். சீனச் சங்கத்துக்குத் தலைவராக அவரை உட்கார வைத்து, மலாயாச் சீனர்களிடமிருந்து 50 மில்லியன் வெள்ளி 'நன்கொடை' வசூலித்துத் தரச் சொன்னார்கள். அவர் மறுத்திருந்தால் வேறு யாரையாவது உட்கார வைத்திருப்பார்கள், கூடவே எத்தனை தலைகள் போயிருக்குமோ. பணம் போதாமல் ஜப்பானிய வங்கியிலேயே கடன் வாங்கி ஜப்பானியர்களுக்கே கொடுத்தார்கள். இதில் அவரைத் துரோகி என்பதா தியாகி என்பதா? இரண்டு வார்த்தையும் எனக்கு ஒட்டவில்லை.

பிப்ரவரி 18, இரவு

"அக்கா, அப்போ யார் என்ன செய்தாலும் சரி என்கிறீர்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. இல்லை. அப்படி விட்டுவிடவும் மனம் வரவில்லை. அதனால்தான் அடுத்த குறிப்பு தள்ளிப்போகிறது.

பிப்ரவரி 20

சரி, சயாம் ரயில்.

தாய்லாந்தில் பான் போங் பக்கம் தொடங்கி பர்மாவில் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். காடு, மலை, ஆறு. பர்மாவில் இருந்த படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தாகிவிட்டது, அதற்காக இந்தப் பாதை. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல் வேலை செய்து 12,000க்கு மேல் இறந்தார்கள். படங்களிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் அவர்கள் கதைதான் ஓடுகிறது. ஆசியத் தொழிலாளர்கள் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேர் போனார்கள், இறந்தவர்கள் 90,000 பேர் இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மலாயாவிலிருந்து போனவர்களே 70,000க்கு மேல். அதில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

ஏன் தமிழர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரப்பர் வாங்க ஆள் இல்லை. துரைமார்கள் ஓடிவிட்டார்கள், ஓடாதவர்கள் சிறையில். பால் வெட்டினால்தான் கூலி, வெட்டுவதற்கு வேலை இல்லை. லயத்தில் அடுத்தடுத்து வரிசையாக வீடு, யார் யார் இருக்கிறார்கள் என்று ஆபீசில் செக்ரோல் புத்தகம். அதிகாரத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆளும் ரெடி, பெயரும் ரெடி, பசியும் ரெடி. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டு என்று சொன்னார்கள். முதலில் சிலர் நம்பித் தாமாகவே போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் ஆள் கிடைக்கவில்லை. அப்புறம்தான் பிடிப்பது. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றியதைப் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டமும் இத்தனை ஆள் தர வேண்டும் என்று கணக்கு வரும். பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியது தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளை.

குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் என் தாத்தா கிராணி.

பிப்ரவரி 20, இரவு 9.15

மேலே பாதியில் நிறுத்திவிட்டேன்.

தாத்தா எழுதிய பட்டியலைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். பாட்டி மட்டும் சாகும் வருஷத்தில் என்னிடம் சொன்னார். முதல் பட்டியலில் கல்யாணமாகாத ஆட்களின் பெயரை எழுதினாராம். இரண்டாவது பட்டியலில் 'குடிப்பவர்கள்', 'சண்டைக்காரர்கள்'. மூன்றாவதுக்கு ஆள் இல்லை. அப்போது எழுதியது, சேரியில் இருந்து வந்த குடும்பங்கள் இருந்த கடைசி லயத்து ஆட்களை. தன் சொந்தக்காரர்கள் இருந்த லயத்தைத் தொடவில்லை. ராத்திரி போய் இரண்டு வீட்டில் மட்டும், நாளைக்கு லாரி வரும், காட்டுக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாராம். பாட்டி அந்த இரண்டு வீட்டைப் பற்றி மட்டும்தான் பெருமையாகச் சொன்னார். மற்ற வீடுகளைக் கேட்டதற்கு, "அவர் என்ன செய்வார், எழுதாவிட்டால் அவரைக் கொண்டுபோயிருப்பான்" என்றார்.

கொண்டுபோயிருப்பார்கள்தான், அது உண்மை. ஆனால் எந்த லயத்திலிருந்து தொடங்குவது என்று எந்த ஜப்பான்காரனும் அவருக்குச் சொல்லவில்லை.

பிப்ரவரி 21

முதல் நாள் எழுதிய 'குனிந்து பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம்' என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள். அது பாதி கதை. அடுத்தவர் பெயரை எழுதிப் பிழைத்தவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. பெயர் எழுதப்பட்டவர்களில் பலருக்குப் பேரப்பிள்ளைகளே இல்லை.

தாய்லாந்தில் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது. புல்லை ஒரே உயரத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, அந்தப் பையன்களுக்கு அது கிடைக்க வேண்டியதுதான். நம் ஆட்கள்? 1943 நடுவில் காலரா வந்தபோது செத்தவர்களையும் சாகப்போகிறவர்களையும் ஒன்றாகக் குழியில் தள்ளியதாகத் திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். கைதிகளுக்காவது சொந்தப் படை வைத்தியர்கள் இருந்தார்கள், கழிப்பறை எங்கே தோண்டுவது என்று சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள். கூலி ஆட்களுக்கு அதுவும் இல்லை. கொண்டுபோவதற்குப் பட்டியல் இருந்தது. இறந்தவர்களுக்குப் பட்டியல் கிடையாது.

பிப்ரவரி 22

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், நேதாஜி படையைச் சொல்லாமல் தமிழர்களைப் பரிதாபமாகக் காட்டுவதாகக் கோபப்பட்டிருக்கிறார். ஐயா, சொல்லத்தான் போகிறேன். தேதி போட்டுச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

1943 அக்டோபர் 10: சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்குக் காரணம் சாங்கி சிறையில் இருப்பவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டு கெம்பெய்தாய் உள்ளே புகுகிறது. பிடித்த 57 பேரில் 15 பேர் இறந்தார்கள். கப்பல்களைத் தகர்த்தது ஆஸ்திரேலியாவிலிருந்து படகில் வந்தவர்கள், சிறையில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

அக்டோபர் 17: சயாம் ரயிலின் இரண்டு முனைகளும் காட்டுக்குள் வந்து சேர்கின்றன.

அக்டோபர் 21: கேத்தே கட்டடத்தில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவிக்கிறார்.

அக்டோபர் 22: பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் இங்கே திறக்கப்படுகிறது, டாக்டர் லட்சுமியின் தலைமையில்.

இரண்டு வாரத்துக்குள் இத்தனையும். ஒரே தோட்டத்து அண்ணன் சயாம் காட்டில், தங்கை சிங்கப்பூரில் கையில் துப்பாக்கியோடு. அப்படிப்பட்ட குடும்பங்கள் இருந்தன.

பிப்ரவரி 22, தொடர்ச்சி

ஏன் சேர்ந்தார்கள் என்று கேட்டால், நான் கேட்ட பதில்கள் ஒன்றுபோல இல்லை. நாட்டுப்பற்று. சாப்பாடு. சயாமுக்குப் போகாமல் தப்பிக்க. இந்திய சுதந்திரச் சங்கத்தின் அட்டை கையில் இருந்தால் லாரிக்காரன் விட்டுவிடுவான் என்ற நம்பிக்கை. இதெல்லாம் ஒரே ஆளிடமே இருக்கும். அதில் ஒன்றை மட்டும் உருவி எடுத்துக்காட்டி வீரன் என்றும் சந்தர்ப்பவாதி என்றும் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு விஷயம் எல்லாரும் சொன்னார்கள். தோட்டத்தில் துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும், தலைத்துண்டை எடுக்க வேண்டும். படையில் அதே ஆளுக்கு எதிரே இன்னொருவன் வந்து சல்யூட் அடிக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவன் என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. செட்டியார் கோயிலுக்கு அழைத்தபோது எல்லாச் சாதியாரும் மதத்தாரும் வரலாம் என்றால்தான் வருவேன் என்று போஸ் சொல்லி, தன் முஸ்லிம் அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு போனார். கடைசி லயத்து ஆளுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். அந்த அரசு ஜப்பானின் தயவில் நின்றது. சயாமில் சாகும் தன் மக்களை மீட்க அதனால் முடியவில்லை. செல்வந்தர்களிடம் வாங்கிய பணத்திலும் மிரட்டல் இருந்தது. சுதந்திரச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவராக இருந்து, ஜப்பானியர்களை நம்ப முடியாது என்று விலகிய கேசவ மேனன் சிறைக்குப் போனார். 1942 பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க்கில் பிரிட்டிஷ் படையின் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கூட்டி ஜப்பானியர்களிடம் ஒப்படைத்து, புதுப் படையில் சேரச் சொன்னபோது எல்லாரும் கை தூக்கவில்லை. மறுத்தவர்களில் பலரை நியூ கினி தீவுக்குக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். முதல் படையைத் தொடங்கிய மோகன் சிங்கே அந்த வருஷ டிசம்பரில் ஜப்பானியர்களோடு மோதிக் கைதானார். சேர்ந்ததும் ஒருவகை எதிர்ப்பு, மறுத்ததும் ஒருவகை எதிர்ப்பு. எதிரே இருந்த அதிகாரம் ஒன்றல்ல, இரண்டு.

பிப்ரவரி 23

சிறு குறிப்பு. படை கலைந்தபின் அந்த ஆட்கள் வீட்டில் உட்காரவில்லை. எஸ்.ஏ. கணபதி அந்தப் படையில் இருந்தவர், பிறகு மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர். 1949 மே 4 அன்று வெள்ளைக்காரன் அவரைப் புடு சிறையில் தூக்கிலிட்டான். தோட்டங்களில் கள்ளுக்கடையை மூடச் சொல்லி நின்ற தொண்டர் படைப் பிள்ளைகளுக்கும் அணிவகுக்கும் பழக்கம் இங்கிருந்துதான் வந்தது. துரையைக் கண்டால் இறங்கி நின்ற பழைய ஆளாக அவர்களால் திரும்பிப் போக முடியவில்லை.

பிப்ரவரி 24

"பழைய கதை எதற்கு அக்கா?" என்று கேட்டவருக்கு.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மேலதிகாரி ஒருவர் இருந்தார். இடம் வேண்டாம், ஆளும் வேண்டாம். ஆட்குறைப்பு வந்தபோது ஒவ்வொரு பிரிவிலும் 'மெதுவாக வேலை செய்பவர்கள்' யார் என்று எங்களையே எழுதித் தரச் சொன்னார். கூடிப் பேசினோம், யாரும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். மறுநாள் காலையில் அவர் மேசையில் நான்கு தாள் இருந்தது. போனவர்கள் எல்லாரும் ஒப்பந்தத்தில் வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள். உயிர் போகிற விஷயம் இல்லை, கெம்பெய்தாயோடு இதை ஒப்பிடுவது பாவம். ஆனால் யார் பெயர் முதலில் எழுதப்படும் என்பதில் மட்டும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பதிலுக்கு வந்து கேட்க முடியாதவன் பெயர்தான் முதலில்.

பிப்ரவரி 25

எஸ்பிளனேட் பூங்காவுக்குப் போனேன். லிம் போ செங் நினைவுச் சின்னம் அங்கேதான். வெள்ளைக்கார அரசுக்காகப் போரிட்டு இறந்தவர்களுக்கான தூணும் அங்கேதான். நடந்துபோகும் தூரத்தில் இந்திய தேசியப் படையின் நினைவுச் சின்னம் இருந்த இடம். 1945 ஜூலை 8 அன்று போஸ் அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை அதைத் தகர்த்துவிட்டது. 1995இல் அடையாளப் பலகை வைத்தார்கள். ஒருவரை ஒருவர் சுட்டிருக்கக்கூடிய தரப்புகள் ஒரே புல்தரையில். இந்த ஊர் அதில் ஒன்றையும் எடுத்துப் போடாமல் விட்டு வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

2017இல், வெள்ளைக்காரன் சரணடைந்த பழைய ஃபோர்ட் தொழிற்சாலையில் உள்ள காட்சியகத்துக்கு 'சியோனான் கேலரி' என்று பெயர் வைத்தபோது எவ்வளவு கொதிப்பு! திறந்த இரண்டு நாளில் பெயரை எடுத்தார்கள். எடுத்தது சரிதான். உறவைப் பறிகொடுத்தவர்கள் உயிரோடு இருக்கும்போது கொன்றவன் வைத்த பெயரை வாசலில் எழுதக்கூடாது.

பிப்ரவரி 26

முந்தைய கேள்வி பாக்கி இருக்கிறது: அப்படியென்றால் குற்றவாளியே கிடையாதா?

உண்டு. சூக் சிங்குக்காக 1947இல் விக்டோரியா நினைவு மண்டபத்தில் ஏழு அதிகாரிகளை விசாரித்தார்கள். இரண்டு பேருக்குத் தூக்கு, ஐந்து பேருக்கு ஆயுள். திட்டத்தின் மூளை என்று பலரும் சொல்லும் சுஜி மசானோபு தப்பி ஓடி, பிறகு ஜப்பானிய நாடாளுமன்றத்திலேயே உட்கார்ந்தான். 1962இல் சிக்லாப்பில் எலும்புகள் கிடைத்தபின் மக்கள் கொதித்து, 1966இல் ஜப்பான் 50 மில்லியன் வெள்ளி தர ஒப்புக்கொண்டது, பாதி மானியம், பாதி கடன். 1942இல் பிடுங்கிய அதே தொகை! பாதியைக் கடனாகத் தர எப்படி மனம் வந்ததோ.

அதே ஆட்சியில் ஷினோசாக்கி என்று ஓர் அதிகாரி ஆயிரக்கணக்கில் பாதுகாப்பு அட்டை எழுதிக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார். போருக்குப் பின் விசாரணையில் தன் ஆட்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். அவர் கையிலும் பேனாதான் இருந்தது. என் தாத்தா கையிலும் பேனாதான் இருந்தது. தாத்தாவுக்கு அந்த அதிகாரியிடம் இருந்த பலம் கிடையாது. அதற்காக அவரை முழுசாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கடைசி லயத்தை எழுதியது தாத்தா. எழுத வைத்தது ராணுவம். எந்த லயம் கடைசி என்பதைக் கப்பலேறுவதற்கு முன்பே ஊரில் இருந்து கொண்டுவந்தவர்கள் நாம்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். இனி வீட்டு விஷயத்தை எழுதாதே என்றார். எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 27

தமிழில் பேட்டிகள் இருக்கிறதா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1981 முதல் ஜப்பானிய ஆட்சிக் காலத்தைப் பற்றிப் பதிவு செய்திருக்கிறது. பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். தமிழ்ப் பேட்டிகளில் தயக்கம், இருமல், வெற்றிலை மெல்லும் சத்தம் எல்லாம் அப்படியே இருக்கும், அவசரப்பட்டு ஓட்டிவிடாதீர்கள். கேள்வி கேட்பவர் அடுத்த கேள்விக்குப் போனபிறகு பெரியவர் முந்தைய கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்குவார், அங்கேதான் விஷயம் இருக்கும். தோட்டத்தில் இருந்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், சயாம் போய்த் திரும்பியவர்கள் பேசியதை முதலில் கேளுங்கள். அதிகாரிகள் பேசியதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.